டேங்கர் கப்பல் எழுப்பும் அலையில் சறுக்குவது எப்படி?

கோவளத்தில் அலைச்சறுக்கு பழகிய நமக்கு, அலை என்றால் கரையை நோக்கி வந்து சில வினாடிகளில் நுரைத்து அடங்கிவிடுவதுதான். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள கால்வெஸ்டன் விரிகுடாவிலோ, எண்ணெய்க் கப்பல் எழுப்பும் அலை ஒன்றிலேயே பல நிமிடங்கள் நின்றபடி போகலாம். ஹூஸ்டனில் மகன் வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ போகிறவர்கள், பலகையில் நன்றாக நிற்கத் தெரிந்திருந்தால், உள்ளூர்ப் படகோட்டி ஒருவரின் துணையோடு முயன்று பார்க்கலாம்.

அங்குள்ள கப்பல் கால்வாய், விரிகுடாவின் நடுவே ஏறத்தாழ 14 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டப்பட்ட பள்ளம். அதன் இருபுறமும் ஆழம் 2, 3 மீட்டர்தான். கப்பல் ஒதுக்கித் தள்ளும் நீர் அந்த ஆழமற்ற திட்டின் மேல் ஏறும்போது வேகம் குறைந்து, முதுகு நிமிர்ந்து, உடையத் தொடங்குகிறது. சென்னைத் துறைமுகத்தில் இதைத் தேடிப் பயனில்லை: வாயிலை நெருங்கும் கப்பல் வேகத்தைக் குறைத்துவிடும், அனுமதியின்றி அங்கே படகை விடவும் முடியாது.

பாதி வெற்றி கப்பலைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. கப்பல்களின் நகர்வைக் காட்டும் செயலியில் வேகத்தையும், நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழத்தையும் பாருங்கள். நேரில் பார்க்கும்போது, கப்பலின் அடிப்பகுதியில் பூசியிருக்கும் சிவப்புச் சாயம் அகலமாக வெளியே தெரிந்தால் அது சரக்கில்லாமல் வருகிறது என்று பொருள், அதை விட்டுவிடுங்கள். சாயம் நீருக்குள் மறைந்து, சுமையோடு அழுந்தி வரும் கப்பலுக்காகக் காத்திருப்பதே சரி. காற்றில்லாத நாளாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிற்றலைகள் எல்லாவற்றையும் குலைத்துவிடும்.

படகைக் கால்வாய்க்கு வெளியே, திட்டின் மேல் நிறுத்துங்கள். குறுகிய கால்வாயில் மட்டுமே செல்லக்கூடிய பெரிய கப்பலுக்குச் சிறு படகு இடையூறாக இருக்கக் கூடாது என்பது கடல்வழி விதி; ஐந்து முறை குறுகிய ஊதல் கேட்டால் உங்களைப் பற்றித்தான் என்று எண்ணி விலகிவிடுங்கள். கப்பல் கடக்கும்போது திட்டிலிருந்து நீர் உறிஞ்சப்படுவதுபோல் சற்றே வடியும். காலடியில் சேறு கலங்குவது தெரியும். அலை பின்னாலேயே வருகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி. ஒன்பது அடி நீளப் பலகையில் படுத்து, அலை பின்னால் தூக்கும் அந்தக் கணத்தில் எழுங்கள். பெரும்பாலும் இடுப்பளவே உள்ள, அதிகம் தள்ளாத அலை என்பதால், குறும்பலகை இதற்கு உதவாது. அலையின் ஒரு பகுதி ஆழமான இடத்தில் தளர்ந்தால், உடையும் பகுதியை நோக்கிப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருங்கள்.

விழும்போது தலைகீழாகப் பாயாமல், உடலைப் பரப்பித் தட்டையாக விழுங்கள். அடியில் சிப்பிப் பாறைகள் உண்டு, ரப்பர்க் காலணி கட்டாயம். ஏறிய இடத்திலிருந்து நீங்கள் வெகுதூரம் போயிருப்பீர்கள், நீந்தித் திரும்ப இயலாது. ஆகவே படகோட்டி அலைக்குப் பின்னால் தொடர்ந்து வர வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே அவரிடம் சொல்லி வையுங்கள்.