சாலையில் ஓடும் டர்போ எஞ்சினுக்கு டைட்டானியம் கனெக்டிங் ராடு பொருத்துவது எப்படி

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. டர்போ காரில் ஏறுபவர்கள் ஒவ்வொரு வளைவையும் திரும்பி முடித்ததும், கியரைக் குறைக்காமல், மூன்றாம் கியரிலேயே நிமிடத்துக்கு 2,200 சுற்றில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிப்பதைப் பார்க்கிறேன். பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) கூட்டிய எஞ்சினில், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பெங்களூரு நெடுஞ்சாலையில் 6,500 சுற்றில் விரையும்போது அன்று. டைட்டானியம் ராடு வாங்க வேண்டும் என்று என்னிடம் வருபவர்களுக்கு இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே மற்றதைப் பேசுகிறேன்.

பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். காரில் வந்த 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். போர் (சிலிண்டர் விட்டம்) 81 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86.4 மி.மீ., ராடு நீளம் 144 மி.மீ. பூஸ்ட் கூட்டியபின் எரியறை அழுத்தம் 100 பாரைத் தொடுகிறது என்று வைத்தால், பிஸ்டன் தலையில் இறங்கும் சுமை ஏறத்தாழ 5,250 கிலோ. பிஸ்டன், பிஸ்டன் பின், ரிங், ராட்டின் மேல்பகுதி எல்லாம் சேர்ந்து 600 கிராம் என்றால், 7,000 சுற்றில் மேலே போன பிஸ்டனைக் கீழே இழுக்கும்போது ராட்டின் மீது விழும் இழுவிசை ஏறத்தாழ 1,850 கிலோ. டைட்டானியம் ராடு மேல்பகுதியில் 50 கிராமைக் குறைத்தால் இந்த இழுவிசையில் 150 கிலோ குறையும். 5,250 கிலோ அமுக்கச் சுமையிலோ ஒரு கிராம்கூடக் குறையாது. அதோடு, வேகமாகச் சுழலும்போது பிஸ்டனின் எடையே எரியறை வாயுவின் தள்ளலில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறது. 7,000 சுற்றில் அந்தப் பங்கு 1,850 கிலோ. 2,200 சுற்றில் வெறும் 180 கிலோ. ஆகவே குறைந்த சுற்றில் வரும் முழு பூஸ்ட்தான் ராட்டுக்குக் கொடிய சுமை.

இங்கே டைட்டானியத்தின் குணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறு விழுக்காடு அலுமினியமும் நான்கு விழுக்காடு வனேடியமும் கலந்த டைட்டானியத்தின் அடர்த்தி 4.43, எஃகின் அடர்த்தி 7.85. எடை பாதிக்குச் சற்று மேல். ஆனால் விறைப்பும் அதே அளவுக்குக் குறைகிறது. எஃகின் மீள்மைக் குணகம் 205 கிகாபாஸ்கல் என்றால் டைட்டானியத்துக்கு 114 தான். அமுக்கத்தில் ஒரு தண்டு நெளியாமல் நிற்பதற்கு இந்த விறைப்பே ஆதாரம் என்பதால், எஃகு ராட்டின் அதே வடிவத்தில் டைட்டானியத்தில் செய்த மெல்லிய ராடு டர்போ எஞ்சினுக்கு ஆகாது. தண்டுப் பகுதி கண்ணுக்குத் தெரியும்படி பருத்திருக்க வேண்டும். 1990இல் வந்த ஹோண்டா என்.எஸ்.எக்ஸ்., 2006 மாடல் கார்வெட் இசட்06 ஆகிய சாலைக் கார்களில் டைட்டானியம் ராடு உண்டு; ஆனால் அவை இரண்டும் டர்போ இல்லாத, அதிகச் சுற்றுக்காக உருவாக்கப்பட்ட எஞ்சின்கள். அவற்றைக் காட்டி விற்கப்படும் ராட்டை வாங்குவதற்கு முன், அது எவ்வளவு டார்க்குக்காக (திருகுவிசைக்காக) வடிவமைக்கப்பட்டது என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எஞ்சினை 7,500 சுற்றுக்கு மேல் ஓட்டும் எண்ணம் இல்லையென்றால், 4340 எனப்படும் உலோகக் கலவை எஃகில் செய்த நல்ல ராடு போதும் என்றே நான் சொல்வேன்.

அந்த எண்ணம் உண்டு என்றால், ராடு கைக்கு வந்த நாளிலிருந்தே அதை வேறு விதமாகக் கையாள வேண்டும். டைட்டானியத்துக்குக் கீறல் ஆகாது. எஃகு ராட்டில் சிலிண்டர் எண்ணைப் பஞ்ச் வைத்துக் குத்துவதும், எலெக்ட்ரிக் பேனாவால் எழுதுவதும் நம் பட்டறைகளில் வழக்கம். டைட்டானியத்தில் அப்படிப் போட்ட ஒரு சிறு எழுத்திலிருந்தே விரிசல் தொடங்கிவிடும். நான் ஒருமுறை கடைக்கு வெளியே போயிருந்த நேரத்தில் நான்கு ராட்டிலும் எண் எழுதப்பட்டுவிட்டது. எழுதியவருக்கு நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த நான்கையும் நான் எஞ்சினில் போடவில்லை. எண் வேண்டுமானால் மார்க்கர் பேனாவால் எழுதுங்கள்; அல்லது ஒவ்வொன்றையும் தனித் துணியில் சுற்றி, துணியின் மேல் எழுதுங்கள். கழுவுவதற்குக் குளோரின் கலந்த கிரீஸ் நீக்கிகளைப் பயன்படுத்தக் கூடாது. அவை டைட்டானியத்தில் அழுத்த அரிப்பு விரிசலை உண்டாக்கும். விரிசல் சோதனைக்குச் சேலத்தில் லாரி கிராங்குகளைக் கொடுக்கும் இடங்களில் காந்தத் துகள் முறையே எளிதாகக் கிடைக்கும். டைட்டானியம் காந்தத்தை ஏற்காது என்பதால் அது பயன்படாது. சாயம் ஊடுருவும் முறையைக் கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது பிக் எண்டின், அதாவது கிராங்கைப் பிடிக்கும் ராட்டின் பெரிய முனையின், பக்கவாட்டு முகங்கள். டைட்டானியம் எஃகோடு நேரடியாக உரசினால் ஒட்டிப் பிய்த்துக்கொள்ளும். கிராங்கின் கன்னமும் ராடும் சேர்ந்தே கெடும். அதனால்தான் இந்த முகங்களில் குரோமியம் நைட்ரைடு, மாலிப்டினம் போன்ற பூச்சு போடப்படுகிறது. பூச்சு இல்லாத ராட்டை வாங்கவே வேண்டாம். பக்க இடைவெளி போதவில்லை என்று அந்த முகத்தை எமரி தாளில் தேய்ப்பது, பூச்சைத் தொலைத்துவிட்டு ராட்டையும் தொலைப்பதாகும். இடைவெளி போதாவிட்டால் தயாரிப்பாளரிடம் திருப்பி அனுப்பி, அகலம் குறைத்துப் பூச்சுப் போட்டு வாங்க வேண்டும். உள்ளூர் லேத்தில் டைட்டானியத்தில் எந்த வேலை செய்ய நேர்ந்தாலும், மெல்லிய சுருளும் தூளும் எளிதில் தீப்பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

பேரிங் இடைவெளியில்தான் பலர் தவறுகிறார்கள். இந்த எஞ்சினின் பிக் எண்ட் ஜர்னல் (ராடு பிடிக்கும் கிராங்கின் உருளைப் பகுதி) 47.8 மி.மீ. விட்டத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கின்படி எஃகு ராட்டுக்கு 0.048 மி.மீ. இடைவெளி விடலாம். ஆனால் சூடேறும்போது எஃகு கிராங்க் விரியும் அளவுக்கு டைட்டானியம் விரியாது. 30 பாகையில் அளந்த எஞ்சின் 110 பாகைக்குப் போகும்போது, இந்த விட்டத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு மி.மீ. இடைவெளி சுருங்கிவிடும். அதிகச் சுற்றில் பிக் எண்ட் துளை நீள்வாக்கில் இழுபட்டு, இரு பாதிகளும் சேரும் கோட்டருகே உள்நோக்கி நெருங்கும். விறைப்புக் குறைந்த டைட்டானியத்தில் இது எஃகைவிட அதிகம். எனவே குளிர்ந்த நிலையில் 0.058 மி.மீ. வைத்து, சேரும் கோட்டருகே சுவர் சற்று மெலிந்த ரேஸ் ஷெல்லை (அரைவட்ட பேரிங் தகட்டை) போடுகிறேன். அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஏப்ரல் மாதச் சேலத்தில் பட்டறைக் கூரைக்குக் கீழ் பிற்பகலில் எடுத்த அளவை நம்ப முடியாது. கிராங்க், ராடு, ஷெல், மைக்ரோமீட்டர், போர் கேஜ் எல்லாவற்றையும் ஒரே மேசையில் இரவு முழுதும் வைத்துவிட்டு, விடியற்காலையில், போல்ட்டை முழு இறுக்கத்துக்குக் கொண்டுவந்த பின் அளக்க வேண்டும்.

போல்ட்டை டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணை நம்பி இறுக்காதீர்கள். டைட்டானியம் மரையில் எஃகு போல்ட் பிடித்துக்கொள்ளும் என்பதால், ரெஞ்ச் காட்டும் எண்ணில் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடும். போல்ட்டோ இறுகாமல் நிற்கும். போல்ட் தயாரிப்பாளர் கொடுத்த மசகை மரையிலும் தலைக்கு அடியிலும் தடவி, இரு முனையையும் பிடிக்கும் டயல் கேஜை வைத்து, போல்ட் எவ்வளவு நீண்டது என்பதை அளந்து இறுக்க வேண்டும். இறுக்காதபோது இருந்த நீளத்தை ஒவ்வொரு போல்ட்டுக்கும் எழுதி வையுங்கள். பின்னர் கழற்றும்போது எது அந்த நீளத்துக்குத் திரும்பவில்லையோ அதைத் தூக்கி எறியலாம். பிஸ்டன் பக்கத்துச் சிறிய முனையான ஸ்மால் எண்டில் வெண்கலப் புஷ் இருக்கிறதா, எண்ணெய்த் துளை நேராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நான்கு ராடுகளின் எடையில் ஒரு கிராமுக்கு மேல் வேறுபாடு இருந்தால், ராட்டைத் தேய்க்காமல் பிஸ்டனில் சரிசெய்யுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு எஞ்சின் கணினியின் டியூனை மாற்றாமல் விட்டால் பயனில்லை. பூஸ்ட் 2,000 சுற்றில் முழுவதும் எழும்படி இருப்பதை மாற்றி, 3,000 வரை மிதமாகவும், முழு டார்க் 3,800க்கு மேலும் வரும்படி அமைக்கச் சொல்லுங்கள். மூன்றாம் கியரிலும் அதற்கு மேலும் குறைந்த சுற்றில் டார்க் வரம்பையும் கேட்டு வாங்குங்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் என்பதால் மேலே காற்றழுத்தம் 15 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத கார் அங்கே மூச்சு வாங்கும். டர்போ எஞ்சினின் கணினி, டர்பைனை இன்னும் வேகமாகச் சுழற்றி அதே பூஸ்ட்டைக் கொண்டுவந்துவிடும். ஆகையால் மலைக்காற்று மெலிந்தது என்பதால் ராட்டின் சுமை குறையும் என்று கணக்குப் போட இடமில்லை. டர்போ சூடுதான் கூடுதலாகும். நாக்கிங் (எரிபொருள் கலவை தானாகவே வெடித்து எரிவது) வந்தால் எரியறை அழுத்தம் நொடிக்கும் குறைந்த நேரத்தில் இரட்டிப்பாகக்கூடும் என்பதால், 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு டியூன் செய்த காரில் அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலை ஒரு முறைகூட ஊற்றாதீர்கள்.

முதல் 1,000 கி.மீ. முடிந்ததும் ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். செம்பு நிறமோ ஈய நிறமோ கண்டால் பேரிங். காந்தத்தில் ஒட்டாத சாம்பல் நிறச் செதில் கண்டால் ராட்டின் பக்க முகத்தையும் சந்தேகிக்க வேண்டும். 2,500 சுற்றில் ஒரு மணிநேரம் ஓடினால் ராடு 75,000 முறை இழுபடுகிறது. அதனால் நான் 20,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் சம்ப்பைக் கழற்றி, பிக் எண்ட் மூடிகளைத் திறந்து, மேல் ஷெல்லின் நடுவில் தேய்மானம் உள்ளதா, பக்க முகத்தில் பூச்சு மங்கியுள்ளதா, போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்கிறேன். மேல் ஷெல் மட்டும் நடுவில் பளபளத்துத் தேய்ந்திருந்தால், அடுத்த வேலை டியூன் செய்பவரிடம். ராட்டை மாற்றுவதற்கு முன்பே அங்கே போங்கள்.