ரயில்வே அதிகாரி ஆக நினைக்கும் கடலூர், பாண்டிப் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

ரயில்வேயில் அதிகாரி ஆகணும் என்று சொல்கிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, எந்தத் தேர்வு எழுதப் போகிறாய் என்பதைத்தான். பல பேர் ஆர்ஆர்பி, அதாவது ரயில்வே ஆட்சேர்ப்பு வாரியத் தேர்வு என்பார்கள். ஆர்ஆர்பி நல்ல தேர்வு. ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க், உதவி லோகோ பைலட் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகிறார்கள், உள்ளே போனபிறகு துறைத் தேர்வு எழுதி அதிகாரி ஆனவர்களும் உண்டு. ஆனால் நேரடியாக குரூப் ஏ அதிகாரியாக, நாளைக்கு ஒரு கோட்டத்தையே நடத்தப் போகிற கோட்ட மேலாளராக, அதாவது டிஆர்எம்மாக வர வேண்டுமென்றால் யுபிஎஸ்சி எழுத வேண்டும். ரெண்டையும் ஒரே புத்தகக் கட்டில் வைத்துப் படிக்கிறவர்கள் கடைசியில் ரெண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

சரி, யுபிஎஸ்சி என்று தெரிந்துவிட்டது. அடுத்த தவறு, பழைய வீடியோவை நம்புவது. இந்த விஷயத்தில் விதி பல தடவை மாறியிருக்கிறது. 2019 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ரயில்வேயின் எட்டு குரூப் ஏ பணிகளை ஒன்றாக்கி இந்திய ரயில்வே மேலாண்மைப் பணி, அதாவது ஐஆர்எம்எஸ் என்று ஆக்க முடிவெடுத்தது. அப்புறம் இதற்கென்று தனித் தேர்வு வரும் என்றார்கள், பிறகு அதைக் கைவிட்டு சிவில் சர்வீஸ் தேர்வு வழியாகவே எடுத்தார்கள். 2024 அக்டோபரில் மறுபடி மாற்றம். இப்போது டிராஃபிக் (ரயில் இயக்கம்), கணக்கு, பணியாளர் ஆகிய மூன்று பிரிவுகளுக்கு சிவில் சர்வீஸ் தேர்வு. சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், சிக்னல், ஸ்டோர்ஸ் பிரிவுகளுக்கு அதே யுபிஎஸ்சி நடத்தும் பொறியியல் பணித் தேர்வு. பாண்டியில் பி.டெக் முடித்த ஒரு பையன் சிக்னல் துறைக்குப் போகும் ஆசையில் இரண்டு வருடமாக சிவில் சர்வீஸுக்கு வரலாறும் புவியியலும் படித்துக்கொண்டிருந்தால், அவன் தப்பான பிளாட்ஃபாரத்தில் நிற்கிறான். பொறியியல் தேர்வுக்குப் பொதுப்பிரிவில் வயது வரம்பு 30தான், சிவில் சர்வீஸுக்கு 32. பொறியியல் தேர்வைத் தமிழில் எழுத முடியாது, சிவில் சர்வீஸ் மெயின்ஸைத் தமிழில் எழுதலாம். வித்தியாசம் சின்னதல்ல. ஒவ்வொரு வருடமும் அறிவிப்பை முழுசாகப் படியுங்கள், அடுத்தவர் சுருக்கியதைப் படிக்காதீர்கள்.

சிவில் சர்வீஸ் தேர்வில் பொதுப்பிரிவுக்கு ஆறு வாய்ப்பு, ஓபிசிக்கு ஒன்பது. பிரிலிம்ஸில் ஒரே ஒரு தாளை எழுதிவிட்டு எழுந்து வந்தாலும் ஒரு வாய்ப்பு போய்விடும். புதுச்சேரியிலேயே பிரிலிம்ஸ் மையம் இருப்பதால், பக்கத்தில்தானே, சும்மா எழுதிப் பார்க்கலாம் என்று போகிறவர்கள் நிறைய. அந்தச் சும்மாவுக்கு விலை உண்டு.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தரும் தவறு வேறு. ரயில்வேயை, ஐஏஎஸ் கிடைக்காவிட்டால் விழுகிற ஆறுதல் பரிசாக நினைப்பது. அப்படி நினைப்பவர்கள் அந்த வேலை என்ன என்று ஒரு நாளும் விசாரிப்பதில்லை. நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். இன்டர்லாக்கிங் இருந்தால் கேட் பூட்டாமல் ரயிலுக்குப் பச்சை விழாது, ஆள் மறந்தாலும் கருவி தடுக்கும். அது இல்லாத இடத்தில் எல்லாம் போனில்தான்: ஸ்டேஷன் மாஸ்டர் ரயில் வருவதைச் சொல்ல வேண்டும், கேட்கீப்பர் கேட்டைப் பூட்டிவிட்டு தன் கையில் இருக்கும் தாளிலிருந்து ஒரு ரகசிய எண்ணைச் சொல்ல வேண்டும், ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பூட்டினேன் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

இப்போது அந்த ஒரு கேட்டில் எத்தனை பிரிவு இருக்கிறது பாருங்கள். ரயிலை எப்போது விடுவது, எண்ணை எப்படிப் பரிமாறுவது என்பது டிராஃபிக். இன்டர்லாக்கிங் அமைப்பது சிக்னல். கேட்டுக்குப் பதில் சுரங்கப்பாதை போட வேண்டுமென்றால் சிவில், அதற்கு மாநில அரசோடும் பேச வேண்டும். கேட்கீப்பருக்கு எத்தனை மணி நேர ஷிஃப்ட், ஆள் எடுத்தது போதுமா என்பதில் பணியாளர் பிரிவு இருக்கிறது. இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து என்பது கணக்குப் பிரிவு. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறவர்தான் டிஆர்எம். கடலூர், பாண்டி இரண்டுமே திருச்சிக் கோட்டத்தில் வருகின்றன. இந்த வேலையை ஆறுதல் பரிசு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆர்ட்ஸ் படித்தவர்களுக்கு இதில் என்ன புரியப் போகிறது என்று ஒதுங்குவதும் தப்பு. 2023 செப்டம்பரில் ரயில்வே வாரியத்தின் முதல் பெண் தலைவரான ஜெயா வர்மா சின்ஹா டிராஃபிக் பணியிலிருந்து வந்தவர், பொறியியல் பணியிலிருந்து அல்ல. அதே வருடம் ஜூனில் ஒடிசாவில் பாலசோர் ரயில் விபத்து நடந்தபோது இன்டர்லாக்கிங் எப்படி வேலை செய்கிறது என்று பத்திரிகையாளர்களுக்கு விளக்கியவர் அவர்தான். கற்றுக்கொள்ளலாம். சேர்ந்தபிறகு வதோதராவிலும், டிராஃபிக் என்றால் லக்னோவிலும் பயிற்சி உண்டு.

நேர்முகத்தில் கோட்டைவிடுவது இன்னொரு ரகம். ரயில்வேயை விருப்பத்தில் முன்னால் போட்டவரிடம் ரயில்வே பற்றித்தான் கேட்பார்கள், அதுவும் உங்கள் ஊரை வைத்து. ரயில்வே வருமானத்தில் பெரிய பங்கு பயணிகளிடமிருந்து வருவதில்லை, சரக்கிலிருந்து வருகிறது, அதிலும் நிலக்கரி முதலிடம் என்று தெரியாமல் கட்டணத்தைப் பற்றிப் பேசினால் மாட்டிக்கொள்வீர்கள். பாண்டியிலிருந்து சென்னைக்கு ரயில் ஏன் விழுப்புரம் சுற்றிப் போகிறது, கிழக்குக் கடற்கரை ஓரமாகப் பாதை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டால், நிலம், செலவு, சரக்கு வாய்ப்பு மூன்றையும் வைத்துப் பேசத் தெரிய வேண்டும். 2024இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபிறகு விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் டிசம்பர் 2 அன்று ரயில்கள் நிறுத்தப்பட்டன. நம் பக்கத்துப் பிள்ளை அதைத் தெரியாமல் டெல்லிக்குப் போகலாமா? ரயில் விபத்தை விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையர் ரயில்வேயின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். ஏன் அப்படி வைத்தார்கள் என்று யோசித்து வைத்திருப்பவர் தனியாகத் தெரிவார்.

ஊர்ப்பக்கம் போஸ்டிங் கிடைக்கும் என்ற கணக்கும் வேண்டாம். ஐஏஎஸ் மாதிரி இங்கே மாநில கேடர் கிடையாது, மண்டலம்தான். முதல் போஸ்டிங் பிலாஸ்பூராக இருக்கலாம், கவுகாத்தியாக இருக்கலாம். ஹிந்தி தெரியாமல் காலம் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள், தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனிடம் பேசாமல் பாதையைப் புரிந்துகொள்ள முடியாது.

பணம் கொடுத்தால் ரயில்வேயில் உள்ளே தள்ளிவிடுகிறேன் என்று வருகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நிலத்தை விற்றுக் கொடுத்த குடும்பங்கள் நம் பக்கம் உண்டு.

கடைசியாகக் கண். டிராஃபிக் பிரிவுக்கு மருத்துவ விதி கடுமை. சிக்னல் நிறம் பிரித்தறிய வேண்டிய வேலை என்பதால் நிறப்பார்வையைச் சோதிப்பார்கள். எல்லாம் பாஸாகி மருத்துவப் பரிசோதனையில் முதல்முறையாக இது தெரியவந்தவர்கள் நொறுங்கிப் போகிறார்கள். உள்ளூர்க் கண் மருத்துவரிடம் நிறப்பார்வை அட்டையை இப்போதே பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் கணக்கு, பணியாளர் பிரிவுகளுக்கு என்ன விதி என்று அந்த வருட அறிவிப்பில் பார்த்து, விருப்பப் பட்டியலை அதற்கேற்ப வரிசைப்படுத்தலாம்.