ராஜாக்களை வைத்துக் கீழ்ப்படிதல் பாடம் நடத்துவது எப்படி

கீழ்ப்படிதல் பற்றி வேதபாடம் என்றாலே 1 சாமுவேல் 15:22-ஐ எடுத்து, "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்" என்று வாலிபருக்கும் பெண்களுக்கும் சொல்லி முடித்துவிடுகிறோம். தீர்க்கதரிசி சாமுவேல் அதைச் சொன்னது இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலிடம். சாமுவேல், ராஜாக்கள் புத்தகங்கள் நெடுகிலும் கீழ்ப்படிதலுக்கு முதலில் கணக்குக் கேட்கப்படுவது ஆளுகிறவனிடம்தான். பாடம் நடத்துகிறவர் இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக ஒழுங்குக்கு வரும்.

நான்கு வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். 8 முதல் 12 பேர் இருந்தால் எல்லோரும் பேச முடியும். வேத பகுதியை முழுக்கச் சத்தமாக வாசிக்க வேண்டும். கதை தெரியும் என்று தாண்டினால், ஞாயிறு பள்ளியில் கேட்ட கதையைத்தான் பேசிக்கொண்டிருப்போம்.

முதல் வாரம்: ராஜாவுக்கான சட்டம்

சவுலில் தொடங்க வேண்டாம். உபாகமம் 17:14-20, ஏழே வசனங்கள். ராஜா குதிரைகளைப் பெருக்கக் கூடாது, அநேகம் ஸ்திரீகளைக் கொள்ளக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது. நியாயப்பிரமாணத்துக்கு (மோசே மூலம் வந்த சட்டத்துக்கு) ஒரு பிரதி எழுதிக்கொண்டு உயிருள்ள நாளெல்லாம் வாசிக்க வேண்டும்; அவன் இருதயம் சகோதரர்மேல் மேட்டிமை கொள்ளக் கூடாது. இவற்றைக் கரும்பலகையில் எழுதி, எதிரே சாலொமோன் ராஜாவை நிறுத்துங்கள்: ஒரு வருஷத்தில் வந்த பொன் 666 தாலந்து, 1400 இரதங்கள், 12,000 குதிரைவீரர், எகிப்திலிருந்து குதிரைகள், 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள் (1 இராஜாக்கள் 10, 11). விளக்கம் தேவைப்படாது. இந்த வாரம் ஒரு மணி நேரத்தில் முடிந்தாலும் சரிதான்.

இரண்டாம் வாரம்: சவுல்

அதிக நேரம் இங்கேதான் வேண்டும். சவுலை ஆரம்பத்திலிருந்தே கெட்டவனாகக் காட்டுவது நாம் வழக்கமாகச் செய்யும் தவறு. ராஜாவாக்கத் தேடியபோது தளவாடங்களுக்குள் ஒளிந்திருந்தவன் அவன் (1 சாமுவேல் 10:22). தன்னை ஏற்காதவர்களைக் கொல்லச் சொன்னபோது மறுத்தவன் (11:13). கில்கால் என்ற இடத்தில் அவனுக்கு இருந்த நெருக்கடியும் (13-ஆம் அதிகாரம்) உண்மையானது: எதிரே பெலிஸ்தரின் பெரும் சேனை, ஜனங்கள் சிதறிப்போகிறார்கள், கடைசியில் கூட நிற்பது ஏறக்குறைய 600 பேர். தான் வந்து பலி செலுத்தும்வரை காத்திருக்கும்படி சாமுவேல் குறித்த ஏழு நாளும் காத்திருந்துவிட்டுத்தான் "துணிந்து" பலி செலுத்தினான். செலுத்தி முடித்ததும் சாமுவேல் வந்துவிட்டார். "நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நீங்களே நிரப்பிவிடாதீர்கள்.

பிறகு 15-ஆம் அதிகாரம், 35 வசனங்கள். அமலேக்கியரையும் அவர்கள் ஆடுமாடுகளையும் முற்றிலும் அழிக்கும்படி சவுலுக்குக் கட்டளை வருகிறது. பலகையில் மூன்று பத்தி போடுங்கள்: கொடுத்த கட்டளை, செய்த காரியம், சொன்ன காரணம். மூன்றாம் பத்தியை நிரப்பும்போது 15-ஆம் வசனத்தில் நிற்க வேண்டும். "ஜனங்கள்... தப்பவைத்தார்கள், மற்றவைகளை முற்றிலும் அழித்துப்போட்டோம்" என்கிறான். மீறியது அவர்கள், கீழ்ப்படிந்ததில் மட்டும் தானும் சேர்ந்துகொள்கிறான். ஆனால் 9-ஆம் வசனம் "சவுலும் ஜனங்களும்" என்கிறது. பாதிக் கீழ்ப்படிதல் எப்படிப் பேசும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேதத்தில் இல்லை என்பேன். 24-ஆம் வசனத்தில் உண்மை வெளிவருகிறது: "நான் ஜனங்களுக்குப் பயந்து, அவர்கள் சொல்லைக் கேட்டேன்." 30-ஆம் வசனத்தில் மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி கேட்கிறான்.

குழந்தைகளையும் கொல்லச் சொன்ன கட்டளையைப் பற்றி யாராவது கேட்பார்கள். கேட்கவே வேண்டிய கேள்வி அது; விசுவாசக் குறைவு என்று அடக்கக் கூடாது. தனியாக ஒரு நாள் ஒதுக்குவதாகச் சொல்லி, சொன்னபடி ஒதுக்குங்கள். அன்றைக்கு ஒன்றை மட்டும் தெளிவாக்கலாம்: சவுல் இரக்கப்பட்டு மீறவில்லை. தப்பவிட்டது அமலேக்கியரின் ராஜா ஆகாகையும் கொழுத்த ஆடுமாடுகளையும்தான்.

மூன்றாம் வாரம்: தாவீதும், மறுத்தவர்களும்

"கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்மேல் கைபோடக் கூடாது" என்ற வார்த்தை, சபையில் கேள்வி கேட்கிறவர்களின் வாயை அடைக்கப் பயன்படுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே 1 சாமுவேல் 24-ஐ முழுவதும் வாசியுங்கள். தன்னைக் கொல்லத் தேடிவந்த சவுல், தான் ஒளிந்திருந்த குகைக்குள்ளேயே வந்தபோதும் தாவீது அவனைக் கொல்லவில்லை. ஆனால் குகையிலிருந்து வெளியே வந்து, சவுலின் சால்வையில் அறுத்த தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, சவுலைக் கூப்பிட்டு ராஜாவின் அநியாயத்தைச் சொன்னான். கர்த்தர் நடுநின்று நியாயம் விசாரிக்கட்டும் என்றான். சவுல் தன்மேல் ஈட்டி எறிந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவும் இல்லை. வீட்டில் அடி வாங்குகிற ஒருவர் உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். தாவீது திரும்பிப் போகவில்லை என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

கூடவே சங்கீதம் 105:14-15. "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமலும்" என்ற எச்சரிப்பு அங்கே ராஜாக்களுக்கே கொடுக்கப்படுகிறது. காக்கப்படுகிறவர்கள் சொந்த நிலமில்லாமல் பரதேசிகளாய் அலைந்த முற்பிதாக்கள்.

அடுத்து இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நோப் என்ற ஊரின் ஆசாரியரைக் கொல்லச் சவுல் கட்டளையிட்டபோது அவன் வேலைக்காரர் சம்மதிக்கவில்லை. ஏதோமியனாகிய தோவேக்கு 85 பேரை வெட்டினான் (1 சாமுவேல் 22:17-18). பின்னாளில் ராஜாவான தாவீது, உரியா என்ற தன் போர்வீரனின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைச் சாகவிடும்படி எழுதிய நிருபத்தை உரியாவே கொண்டுபோனான். சேனாபதி யோவாப் அப்படியே செய்தான் (2 சாமுவேல் 11). கீழ்ப்படிந்த தோவேக்கை வேதம் எங்கும் மெச்சவில்லை, மறுத்த வேலைக்காரரை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. இதைக் கண்டுபிடிக்கும் வேலையை வகுப்பாரிடம் விடுங்கள்.

முடிவில், தாவீதின் பாவத்தை அவன் முகத்துக்கு நேரே சொன்ன தீர்க்கதரிசி நாத்தான். "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்ற தாவீதின் அறிக்கையை (2 சாமுவேல் 12:13) சவுலின் அறிக்கைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். தாவீது ஜனத்தைக் காரணம் காட்டவில்லை, மூப்பர் முன் மரியாதை கேட்கவில்லை. மன்னிப்புக் கிடைத்தது, ஆனாலும் உரியா திரும்பவில்லை, பட்டயம் தாவீதின் வீட்டை விட்டு நீங்கவில்லை. தலைவர் அறிக்கை செய்துவிட்டார், இனி அதைப் பேசக் கூடாது என்று வாதாட இந்தப் பகுதியில் இடமில்லை.

நான்காம் வாரம்: தகப்பனும் மகனும்

2 இராஜாக்கள் 22, எரேமியா 36. யூதாவின் ராஜா யோசியாவின் 18-ஆம் வருஷத்தில் ஆலயத்தில் நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்தது. சம்பிரதியாகிய (அரண்மனை எழுத்தர்) சாப்பான் வாசித்தான். ராஜா மனம் நொந்து வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். மகன் யோயாக்கீமுக்கு எரேமியாவின் சுருளை வாசித்தபோது, மூன்று நான்கு பத்தி ஆனதும் சூரிக்கத்தியால் அறுத்துக் கணப்பில் (குளிர்காயும் நெருப்பில்) போட்டான். வஸ்திரத்தைக் கிழிக்கவில்லை என்று எரேமியா 36:24 குறித்தே சொல்கிறது. எரிக்க வேண்டாம் என்று தடுத்த மூவரில் ஒருவன் சாப்பானின் மகன் கெமரியா. இரண்டு பேரை ஆளுக்கொரு பகுதியாக மாறி மாறி வாசிக்க வைத்தால், இரண்டு ராஜாக்களுக்கும் உள்ள வித்தியாசம் தானாகத் தெரியும்.

இந்த வாரம் சிறு சிறு குழுவாக, மூன்று மூன்று பேராகப் பிரித்துக் கேட்கவேண்டிய கேள்வி: என் அதிகாரத்துக்குக் கீழே இருப்பவர் யார், அவர் என்னிடம் "இது தவறு" என்று பயமில்லாமல் சொல்ல முடியுமா? பிள்ளை, மருமகள், வேலையாள், பாடகர் குழுவில் இளையவர் என்று பெயர் சொல்லி யோசிக்கச் சொல்லுங்கள். போதகரோ மூப்பரோ கூடுகைக்கு வருவதாக இருந்தால், நான்கு வாரப் பாடத்தையும் முன்கூட்டியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தன்னைக் குத்தத்தான் இந்தப் பாடம் என்று நினைத்துவிட்டால் அவரும் பேச மாட்டார், அவர் எதிரில் மற்றவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். இந்தக் கேள்விக்கு முதல் ஆளாக அவரையே பதில் சொல்லக் கேட்டுக்கொள்வது நல்லது.