பெரும்பாணாற்றுப்படை சொன்னபடி அரிசிக் கள்: சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் செய்யும் முறை

வலைஞர் குடியிருப்பில் பாணனுக்கு என்ன விருந்து கிடைக்கும் என்று சொல்லவரும் பெரும்பாணாற்றுப்படை, போகிற போக்கில் அரிசிக் கள்ளின் செய்முறையையே கொடுத்துவிடுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, பிழா என்னும் வாயகன்ற தட்டில் ஆற்றி, முளை அடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். அளவுதான் இல்லை.

முதலில் சட்டம். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் சொந்தக் குடிப்புக்காக வீட்டிலேயே நொதிக்கவைக்கலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் வரம்பு. விற்கக்கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது.

இதில் உயிர்நாடி முளைதான். அரிசி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் முளையில்தான் இருக்கின்றன. இங்கே முளைக்கும் நெல் எளிதில் கிடைக்காது. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் முழுக் கேழ்வரகு கிடைக்கும், அதன் முளையில் நொதி நெல்முளையைவிட வீரியமாகவே இருக்கும். 200 கிராம் எடுத்து 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு நாள் கட்டுங்கள். முளை ஒரு செண்டிமீட்டர் வந்ததும் மின்விசிறிக்குக் கீழே பரப்புங்கள். தாழ்வாரத்தில் காயப்போட்டால் மழையும் ஈரக்காற்றும் சேர்ந்து பூஞ்சை பிடிக்கவைத்துவிடும். வறுக்கவே கூடாது, நொதி செத்துவிடும். கடையில் வாங்கும் முளைகட்டிய மாவு பெரும்பாலும் ஏமாற்றுவது இதனால்தான். காய்ந்ததைக் கொரகொரப்பாக அரையுங்கள்.

தவிடு நீக்காத சிவப்பரிசி 500 கிராமை நொய்யாக உடைத்து, இரண்டரை லிட்டர் தண்ணீரில் களியாகும்வரை வேகவிடுங்கள். சூடு 62 பாகைக்கு இறங்கியதும் முளைமாவில் 100 கிராமைக் கலந்து, துண்டு சுற்றி ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். அரை மணியிலேயே களி இளகிக் கஞ்சிபோல் ஓடும். ஒரு துளியில் அயோடின் விட்டுப் பாருங்கள்: கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் மிச்சமிருக்கிறது.

அடுத்ததுதான் புலவர் விடாமல் சொன்ன படி: ஆற்றுதல். அகலமான தட்டில் ஊற்றி 30 பாகைக்குக் கொண்டுவந்து, மீதி முளைமாவில் 50 கிராம் போடுங்கள். முளையோடு ஒட்டிவரும் காட்டு ஈஸ்ட்தான் கள்ளாக்குகிறது. சூட்டில் போட்டால் அது பிழைக்காது. நம்பிக்கை இல்லையென்றால் ரொட்டி ஈஸ்ட் ஒரு சிட்டிகை சேர்க்கலாம். மலாய்க்காரர்கள் அரிசியை நொதிக்கவைக்கப் போடும் 'ராகி தாப்பாய்' உருண்டை போட்டாலும் நொதிக்கும், ஆனால் அது பூஞ்சையை வைத்துச் செய்யும் வேறு முறை. (கடையில் வெறும் 'ராகி' என்று கேட்டால் கேழ்வரகை எடுத்து நீட்டுவார்கள்.)

சிராங்கூன் சாலையில் விற்கும் பொங்கல் பானை போதும், உள்ளே சாயம் பூசாததாகப் பாருங்கள். வாயைத் துணியால் மட்டும் கட்டுங்கள். இறுக மூடினால் கரியமில வாயு சேர்ந்து கலம் வெடிக்கும். நம் ஊர் வெப்பத்துக்கு 48 மணி நேரம் தாராளம். மூன்றாம் நாள் காற்றுப்பட்ட கள் காடியாகத் தொடங்கும். பச்சை, கறுப்பு, செந்நிறப் பூஞ்சை கண்டால் மேலே வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்க நினைக்காதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

நுண்ணோக்கி இருந்தால், பிழிந்தபின் அடிவண்டலில் ஒரு சொட்டை 400 மடங்கில் பாருங்கள். களியில் வெந்த மாவுச்சத்து மணிகள் உப்பி உருக்குலைந்திருக்கும். ஆறியபின் போட்ட முளையின் மணிகளில் நொதி அரித்த குழிகள் தெரியும். சீனாவின் மிஜியாயாவில் 5,000 ஆண்டுப் பழைய கலங்களில் இதுபோன்ற சிதைவுகளை வைத்துத்தான் பீர் காய்ச்சியதைக் கண்டுபிடித்தார்கள். ஈரானின் கோடின் தெபேயில் பீருக்குத் துப்பு கொடுத்தது சாடியின் உட்கீறல்களில் படிந்திருந்த கால்சியம் ஆக்சலேட், அதாவது பீர் விட்டுச்செல்லும் உப்புப் படிவு. அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா (இரு கைப்பிடிச் சாடி) ஓடுகளோ கடல் கடந்து வந்த திராட்சை மதுவின் தடயம். 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று புறநானூறு பாடுவது பாண்டியன் பருகும் அந்த மதுவை. பாணனுக்குக் கிடைத்தது உள்ளூர்ப் பிழி.

பிழிந்த அன்றே குடிப்பது நல்லது. குளிர்பெட்டியில் வைத்தாலும் மூடியைத் தளர்த்தியே வையுங்கள். தொட்டுக்கொள்ளப் பாட்டு சொல்வது சுட்ட மீன். உப்பு மட்டும் தடவிச் சுட்ட கானாங்கெளுத்தி போதும். சம்பால் மிளகாய் விழுது தடவினால் கள்ளின் மெல்லிய புளிப்பு நாக்குக்கே எட்டாது.