‘கெட்’ என்ற ஆங்கில வினை: எந்த இடத்தில் என்ன பொருள், எந்த மாற்றுச் சொல்

ஆங்கிலத்தில் ‘கெட்’ என்ற வினைக்கு அகராதியைப் புரட்டினால் பெறு, அடை, வாங்கு, ஆகு, போய்ச்சேர், புரிந்துகொள், கொண்டுவா என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அதை மனப்பாடம் செய்வது வீண் வேலை. நான் அதை விட்டுவிட்டு வேறு ஒரு வழிக்கு வந்தேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர்ச்சொல், பெயரடை என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இது போதும்.

படி 1: ‘கெட்’டைப் பார்க்காதீர்கள், அடுத்த சொல்லைப் பாருங்கள்

இந்த வினைக்குத் தனியாக நின்றால் பெரிதாகப் பொருள் இல்லை. பின்னால் வருவதுதான் பொருளை முடிவு செய்கிறது. ‘கெட் டயர்ட்’, ‘கெட் ஓல்ட்’ என்று பெயரடை வந்தால் ‘ஆகு’: களைப்பாகிறது, வயதாகிறது. ‘கெட் ஹோம்’, ‘கெட் தேர்’, ‘கெட் டு த ஸ்டேஷன்’ என்று இடம் வந்தால் ‘போய்ச்சேர்’. ‘கெட் ஹிம் டு சைன்’ என்று ஆளும் அதன்பின் ‘டு’வோடு ஒரு வினையும் வந்தால், அவரைப் பேசி இணங்கவைத்து, கையெழுத்துப் போடவைப்பது. ஆளே இல்லாமல் ‘கெட் டு மீட்’ என்று வந்தால் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது என்று பொருள். ‘காட் ஸ்டோலன்’ (‘காட்’ என்பது ‘கெட்’டின் இறந்தகால வடிவம்) மாதிரி வந்தால் நம் ‘படு’ விகுதி: திருடப்பட்டது.

‘கெட் அப்’, ‘கெட் ஓவர்’, ‘கெட் பை’ போன்றவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனித்தனிச் சொற்களாகவே படித்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பிரித்துப் பொருள் தேடினால் தலைவலிதான் மிச்சம்.

படி 2: பெயர்ச்சொல் வந்தால் நிதானியுங்கள்

சிக்கல் எல்லாம் இங்கேதான், அதனால் இந்தப் படி கொஞ்சம் நீளும். பெயர்ச்சொல் வந்தால் ‘பெறு’ என்று தெரியும், சரி, ஆனால் எந்த ‘பெறு’? மாற்றுச் சொல் அகராதியில் ரிசீவ், அப்டெயின், அக்வயர், ஏர்ன், ஃபெட்ச் எல்லாம் ஒரே வரியில் நிற்கும், எல்லாம் ஒன்று என்பது போல. ஒன்றல்ல. அந்தப் பொருள் எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

யாரோ அனுப்பினார்கள், நாம் சும்மா இருந்தோம் என்றால் ‘ரிசீவ்’. கடிதம், பரிசு, புகார் எல்லாம் இப்படித்தான் வரும். நாமாக முயன்று, கேட்டு, அலைந்து வாங்கினால் ‘அப்டெயின்’. அனுமதி, தகவல், சான்றிதழ் இதற்குள் வரும், கொஞ்சம் அலுவலக வாடையும் அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்த திறமைக்கும் சொத்துக்கும் ‘அக்வயர்’. உழைப்புக்கு வந்த சம்பளத்துக்கு ‘ஏர்ன்’. எழுந்து போய் எடுத்து வந்தால் ‘ஃபெட்ச்’. ‘கெட் மீ எ சேர்’ என்பது இந்தக் கடைசி வகை.

நோய்க்குத் தனிக் கணக்கு. சளி பிடித்தது என்று நாம் சொல்வதைப் போலவே அவர்களும் ‘கேட்ச் எ கோல்ட்’ என்கிறார்கள். ஆனால் ‘கேட்ச்’ தொற்றும் நோய்களுக்கு மட்டும்தான். தலைவலியை யாரும் ‘கேட்ச்’ செய்வதில்லை, அங்கே ‘கெட் எ ஹெட்ஏக்’ என்று விட்டுவிடுங்கள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் பள்ளம் உண்டு, ‘வாங்கு’. நாம் கடையில் அரிசி வாங்குகிறோம், பரீட்சையில் மார்க் வாங்குகிறோம், வீட்டில் திட்டும் வாங்குகிறோம், எல்லாம் ஒரே வினை. அரிசிக்கு மட்டும் ‘பை’ என்று சொல்லலாம். ‘ஐ பாட் நைன்டி மார்க்ஸ்’ என்றால் யாருக்கோ காசு கொடுத்து மதிப்பெண்ணை விலைக்கு வாங்கிய கதையாகிவிடும். காசு கைமாறினால் ‘பை’, இல்லையென்றால் ‘கெட்’. மதிப்பெண்ணுக்கு ‘ஸ்கோர்’ இன்னும் நன்றாக இருக்கும்.

படி 3: ‘ஆகு’வுக்கெல்லாம் ‘பிகம்’ போடாதீர்கள்

பெயரடைக்கு முன் ‘கெட்’டுக்குப் பதில் ‘பிகம்’ பெரும்பாலும் பொருந்தும், கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான். சில பெயரடைகள் தங்களுக்கென்று வேறு வினை வைத்திருக்கின்றன: நிறம் மாறினால் ‘டர்ன்’ (‘டர்ன் ரெட்’), கெட்டுப்போனால் ‘கோ’ (‘கோ பேட்’, ‘கோ பால்ட்’), மெல்ல மெல்ல நடந்தால் ‘குரோ’ (‘குரோ ஓல்ட்’). இவற்றை ஜோடியாகவே பழகிக்கொள்ளுங்கள், ஏன் என்று கேட்டுப் பயனில்லை. ‘கெட் ரெடி’, ‘கெட் டிரெஸ்ட்’ இரண்டையும் தொடவே தொடாதீர்கள். அங்கே ‘பிகம்’ ஒட்டாது.

இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் மோசம். ‘ஷீ பிகேம் எ டாக்டர்’ என்றால் அவள் டாக்டர் ஆனாள். அங்கே ‘காட்’ போட்டு ‘ஷீ காட் எ டாக்டர்’ என்றால் அவள் போய் ஒரு டாக்டரை அழைத்து வந்தாள்! பின்னால் பெயர்ச்சொல் வந்துவிட்டதால் பொருள் படி 2-க்குத் தாவிவிட்டது. ‘ஆகு’ என்பதற்கு ‘கெட்’ வேண்டுமென்றால் பின்னால் பெயரடைதான் இருக்க வேண்டும், பெயர்ச்சொல் கூடாது.

படி 4: மாற்றிவிட்டு வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள்

சத்தமாகப் படித்தால் இன்னும் நல்லது. அலுவலகக் கடிதம், விண்ணப்பம் என்றால் ‘கெட்’டைக் குறைப்பது நல்லதுதான், அதற்காக நண்பனுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் ‘ஐ அப்டெயின்ட் யுவர் மெசேஜ்’ என்று எழுதினால் அவன் பயந்துவிடுவான்.

எந்த அகராதி?

இதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. மாற்றுச் சொல் அகராதியைத் தொடக்கத்தில் திறக்கவே வேண்டாம். 1852-ல் வந்த ரோஜே தெசாரஸ் முதல் இன்றைய இணையதளங்கள் வரை, சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்களே தவிர, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன வேறுபாடு என்று பொதுவாகச் சொல்வதில்லை. ஆங்கிலம்–தமிழ் அகராதியும் இந்த ஒரு வினைக்குப் பெரிதாக உதவாது. மாணவர்களுக்கென்றே எழுதிய அகராதிகள்தான் சரி. லாங்மேன் அகராதி சுமார் 2000 எளிய சொற்களைக் கொண்டே எல்லாப் பொருளையும் விளக்கப் பார்க்கிறது. 1987-ல் முதலில் வந்த காலின்ஸ் கோபில்டில் விளக்கமே முழு வாக்கியமாக இருக்கும், அதனால் சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்பது விளக்கத்திலேயே தெரிந்துவிடும். இந்த முறைக்கு அதைவிடத் தோதானது வேறில்லை. ‘கெட்’ போன்ற வினைக்கு அதைத்தான் முதலில் திறப்பேன்.

பின்சேர்க்கை

படித்துவிட்டு ஒருவர் கேட்டார்: ‘ஐ ஹேவ் காட் எ பென்’ என்றால் பேனா கிடைத்ததா, இருக்கிறதா? இருக்கிறது. ‘ஹேவ் காட்’ என்பது வெறும் ‘ஹேவ்’ மாதிரிதான், ‘ஹேவ் காட் டு’ என்று வந்தால் ‘செய்தே ஆக வேண்டும்’. அமெரிக்கர்கள் கிடைத்ததற்கு ‘காட்டன்’ என்று வேறு வடிவம் வைத்திருக்கிறார்கள் (பருத்தி இல்லை, ‘காட்’டின் நீண்ட வடிவம்). ‘ஐ ஹேவ் காட்டன் எ ஜாப்’ என்றால் வேலை கிடைத்துவிட்டது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இன்று இதை அவ்வளவாகக் கேட்க மாட்டீர்கள்.

இன்னொன்று

‘ஐ டோன்ட் கெட் இட்’ படி 2-ல் அடங்கவில்லையே என்றார் வேறொருவர். உண்மைதான். பின்னால் வருவது ‘இட்’, ‘ஜோக்’, ‘பாயின்ட்’ என்று மனதால் பிடிக்க வேண்டிய ஒன்றாக இருந்தால் ‘புரிந்துகொள்’, மாற்றுச் சொல் ‘அண்டர்ஸ்டாண்ட்’. ஆனால் மேசையில் கிடக்கும் சாவியைக் காட்டி ‘கேன் யூ கெட் இட்?’ என்றால் அதே ‘இட்’ மறுபடி ‘ஃபெட்ச்’ ஆகிவிடும். ஆகவே ‘இட்’ வந்தால் அது எதைக் குறிக்கிறது என்று முந்தைய வாக்கியத்தில் பார்த்துவிட்டுப் பிறகு படி 2-க்கு வாருங்கள்.