பழைய பிக்கப் ஸ்டார்ட் ஆகலன்னா எடுத்தவுடனே பேட்டரிய மாத்தாதீங்க

காலைல நாலு மணி, பெங்களூர் கே.ஆர். மார்க்கெட் பக்கத்து சந்து, வண்டில முட்டைகோஸ் மூட்டையும் பீன்ஸும் ஏத்தி முடிச்சாச்சு, ஆறு மணிக்குள்ள ஈஜிபுரா, விவேக்நகர் கடைங்களுக்கு இறக்கணும், சாவிய திருப்புறேன், ‘டக்’னு ஒரே ஒரு சத்தம், அவ்ளோதான். 2004 மாடல் டீசல் பிக்கப் அது. அன்னைக்கு ஆரம்பிச்சது, மூணு மாசம் என்ன படுத்தி எடுத்துச்சு. முதல்ல புது பேட்டரி போட்டேன், ஒரு வாரம் நல்லா ஓடுச்சு, திரும்ப அதே ‘டக்’. அப்புறம் இன்ஜின சுத்தி விடற செல்ஃப் மோட்டார கழட்டி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாத்தினோம், பத்து நாள் ஓடுச்சு, திரும்பவும் அதே கதை. கடைசில பார்த்தா இன்ஜினுக்கும் வண்டியோட சட்டமான சேசிஸுக்கும் நடுவுல போற, கரெண்ட் பேட்டரிக்கு திரும்பி வர்ற வழியான எர்த் பட்டை, பின்னல் மாதிரி இருக்குமே அந்த செம்பு பட்டை, பச்ச பச்சயா பூத்து நாலஞ்சு இழைல தொங்கிட்டு இருந்துச்சு. சில நூறு ரூபா சாமான், அதுக்கு நான் செலவு பண்ணது பத்தாயிரத்துக்கும் மேல. மார்க்கெட்ல இதே மாதிரி பழைய வண்டி வெச்சு பொழைக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் இதே வழில தான் காச விடறாங்க, அதனால தான் இத உக்காந்து எழுதறேன்.

முதல் தப்பு, ‘மாத்தினதும் ஓடிச்சு, அப்ப அதான் கோளாறு’ன்னு நம்பறது. எனக்கு செல்ஃப கழட்டி மாட்டும்போது அந்த பட்டை கொஞ்சம் அசைஞ்சு ஒட்டிக்கிச்சு, வண்டி எடுத்துச்சு, நாங்க செல்ஃப் தான் காரணம்னு முடிவு பண்ணிட்டோம். எதையும் மாத்தறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க, மாத்தின அப்புறமும் அளந்து பாருங்க, நம்பர் மாறலன்னா கோளாறு இன்னும் அங்கயே தான் இருக்கு.

அளக்கறதுலயும் ஒரு பெரிய தப்பு நடக்குது. மல்டிமீட்டர வெச்சு ‘12.6 காட்டுது, பேட்டரி சூப்பர்’ங்கறாங்க. சும்மா நிக்கற வண்டில 12.6 வோல்ட்னா முழு சார்ஜ், 12.2னா பாதி, 12க்கு கீழ போனா கிட்டத்தட்ட காலி, இதெல்லாம் சரி தான். ஆனா செல்ஃப் சுத்தும்போது டீசல் வண்டில நூத்துக்கணக்கான ஆம்பியர் இழுக்கும், ஒரே ஒரு இழை மிச்சம் இருக்கற கேபிள் கூட சும்மா இருக்கும்போது மீட்டர்ல 12.6 காட்டும், சுமை வந்தா தான் அதோட லட்சணம் தெரியும். அதனால நீங்க மீட்டர பிடிங்க, பக்கத்துல ஒருத்தர சாவிய திருப்ப சொல்லுங்க, கியர் நியூட்ரல்ல இருக்கணும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கணும். அப்ப பேட்டரில 9.6க்கு கீழ விழுந்தா பேட்டரி வீக், இல்லன்னா செல்ஃப் ஜாம் ஆகி அளவுக்கு மீறி இழுக்குது. பேட்டரில 11க்கு மேல நின்னும் செல்ஃப் சுத்தலன்னா கரெண்ட் போற வழில எங்கயோ அடைப்பு.

அந்த அடைப்ப கண்டுபிடிக்கறது ரொம்ப ஈசி, ஏன் யாரும் செய்யறதில்லன்னு தான் எனக்கு இன்னும் புரியல. மீட்டர் ஒயரோட நுனில இருக்கற ஒரு முள்ள பேட்டரி மைனஸ் போஸ்ட் மேலயே வைங்க, கிளாம்ப் மேல வேணாம், ஈயக் கம்பம் மேல. இன்னொரு முள்ள இன்ஜின் மேல பெயின்ட் இல்லாத இடத்துல அழுத்தி வைங்க. சாவிய திருப்பும்போது 0.2, 0.3 வோல்ட்டுக்குள்ள காட்டணும். எனக்கு 4க்கு மேல காட்டுச்சு. 12 வோல்ட்ல 4 வோல்ட் எர்த்லயே செத்துப் போனா செல்ஃப் எப்டி சுத்தும்? இதே மாதிரி பிளஸ் போஸ்ட்ல இருந்து செல்ஃபோட பெரிய போல்ட் வரைக்கும் பாருங்க, அரை வோல்ட்டுக்கு மேல போகக்கூடாது.

உண்மைல எனக்கு கோளாற காட்டிக் குடுத்தது மீட்டர் கூட இல்ல, ஆக்சிலரேட்டர் கேபிள். பானெட்ட தூக்கி வெச்சு ரெண்டு மூணு தடவ செல்ஃப் அடிச்சப்புறம் எதேச்சையா அந்த கேபிள் மேல கை பட்டுச்சு, கொதிக்குது, பிளாஸ்டிக் உறை வேற இளகி வாசனை வந்துச்சு. எர்த் பட்டை அறுந்து போனா கரெண்ட் திரும்பி வர வேற வழி தேடும், ஆக்சிலரேட்டர் கேபிள், கிளச் கேபிள்னு எந்த இரும்புக் கம்பி கிடைச்சாலும் அது வழியா போகும், அதுங்க மெல்லிசு, அதான் சூடாகுது. உங்க வண்டில இப்டி கேபிள் சுட்டா வேற எதையும் தொடாதீங்க, எர்த்த பாருங்க.

சத்தத்த வெச்சும் ஓரளவு பிரிச்சுடலாம். டக்டக்டக்டக்னு வரிசையா அடிச்சா பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கு, இல்ல டெர்மினல் லூஸ். ஒரே ஒரு டக்னா சொலினாய்டு, அதாவது செல்ஃபுக்கு கரெண்ட் விடற காந்த சுவிட்ச், இழுக்குது, ஆனா மோட்டாருக்கு கரெண்ட் போதல. சத்தமே இல்லன்னா சாவி சுவிட்ச், ரிலே (சின்ன கரெண்ட்ல பெரிய கரெண்ட திறந்து விடற சுவிட்ச்), இல்ல சொலினாய்டுக்கு போற சின்ன ஒயர். கூடவே ஹெட்லைட்ட போட்டு சாவிய திருப்பிப் பாருங்க, லைட் அணையற மாதிரி மங்கினா பேட்டரி பக்கம், பெரிசா மங்கவே இல்லன்னா வழில அடைப்பு. என் வண்டில லைட் மங்கவே இல்ல, அத அன்னைக்கே கவனிச்சிருக்கணும்.

செல்ஃப் நல்லா சுத்துது, வண்டி தான் பிடிக்கலன்னா அதுக்கு பேட்டரிய திட்டாதீங்க. சைலன்சர்ல புகையே வரலன்னா டீசல் போகல, டீசல் லைன்ல ஏர் பிடிச்சிருக்கும், இல்ல பம்ப்ல டீசல திறந்து விடற ஸ்டாப் சொலினாய்டுக்கு கரெண்ட் வரல. இது தெரியாம அரை நிமிஷம் ஒரு நிமிஷம்னு விடாம செல்ஃப் அடிப்பாங்க, செல்ஃபுக்குள்ள சுத்தற ஆர்மேச்சர் வெந்துடும். பத்து செகண்டுக்கு மேல அடிக்காதீங்க, ஒரு நிமிஷம் ஆற விட்டு திரும்ப அடிங்க. செல்ஃப சுத்தியல்ல தட்டி எடுக்கறதும் அப்டி தான், ஒரு தடவ வீடு வந்து சேர உதவும், ஆனா பெரும்பாலும் பிரஷ் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம், மறுநாளே கழட்டிடுங்க.

இப்ப ஆபத்தான தப்புங்களுக்கு வர்றேன், இது காசு விஷயம் மட்டும் இல்ல. மார்க்கெட்ல அவசரத்துக்கு பக்கத்துல நிக்கற லாரில இருந்து கேபிள் போடுவாங்க. பெரிய லாரிங்க 24 வோல்ட், நம்ம பிக்கப் 12 வோல்ட், நேரா குடுத்தா பல்பு, ரிலே, பேட்டரிய சார்ஜ் பண்ற டைனமோ (ஆல்டர்னேட்டர்) எல்லாம் போயிடும், பேட்டரியே வெடிக்கலாம். 12 வோல்ட் வண்டியா பார்த்து கேளுங்க. பிளஸுக்கு பிளஸ் ரெண்டு பக்கமும் போட்டுட்டு, அந்த வண்டி பேட்டரியோட மைனஸ்ல ஒரு முனை, கடைசி முனைய நம்ம இன்ஜின் இரும்புல, பேட்டரிய விட்டு தள்ளி மாட்டுங்க. சார்ஜ் ஆகற பேட்டரில இருந்து ஹைட்ரஜன் வரும், கடைசியா மாட்டற இடத்துல தான் பொறி பறக்கும். மூஞ்சிய குனிஞ்சு வெச்சுட்டு பீடி பத்த வெச்சபடி பேட்டரி மூடிய திறக்கற ஆளுங்கள நான் தினமும் பாக்கறேன், தயவு செஞ்சு வேணாம், ஆசிட் கண்ல பட்டா பார்வையே போகலாம்.

அடுத்தது டைனமோ டெஸ்ட்னு சொல்லி வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினல கழட்டறது. அந்தக் காலத்து பழக்கம் இது. பேட்டரி திடீர்னு விலகினா வோல்ட்டேஜ் துள்ளி எகிறும், டைனமோல இருக்கற டயோடு, வோல்ட்டேஜ கட்டுப்படுத்தற ரெகுலேட்டர் எல்லாம் போயிடலாம். மீட்டர் இருக்கு இல்ல? வண்டி ஓடும்போது பேட்டரில 13.8ல இருந்து 14.4 வரைக்கும் காட்டினா சார்ஜ் ஆகுது. 13க்கு கீழன்னா ஆகல, 15க்கு மேலன்னா ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி தண்ணி கொதிச்சு வத்தும். இன்னொன்னு, சாவி போட்டதும் சார்ஜிங் சிவப்பு லைட் எரியுதான்னு பாருங்க. பழைய டைனமோ பலதுல அந்த பல்பு வழியா போற கரெண்ட் தான் முதல்ல டைனமோவ உசுப்பி விடுது, பல்பு ஃபியூஸ்னா சார்ஜே ஆகாம போகலாம். பல்புக்கு பதிலா முழு டைனமோவ ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜே.சி. ரோட்டுல வாங்கிட்டு வந்தவர எனக்குத் தெரியும்.

ஃபியூஸ் போனா செம்புக் கம்பிய சுத்தி விடறது ரொம்ப கெட்ட வேலை. ஃபியூஸ் எரிஞ்சது ஒயர காப்பாத்த, கம்பி போட்டா அடுத்து எரியறது ஒயரும் வண்டியும். அதே மாதிரி ஹெட்லைட்ல 60/55 வாட் பல்ப கழட்டிட்டு 100/90 போடறது, ரெண்டு லைட்டுக்கும் சேத்து 16 ஆம்பியருக்கு மேல அந்த பழைய சுவிட்ச் வழியா போகும், சுவிட்ச் உருகிடும். ரிலே போட்டு பேட்டரில இருந்து ஃபியூஸோட தனி லைன் இழுங்க.

கடைசியா, நாலு நாள் நின்னா பேட்டரி இறங்குதுன்னா அதுக்கும் பேட்டரிய மாத்தாதீங்க. எல்லாத்தையும் அணைச்சுட்டு மைனஸ் கேபிள கழட்டி, மீட்டர 10 ஆம்பியர்ல வெச்சு அந்த கேபிளுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல மாட்டுங்க, அந்த நேரத்துல சாவிய தொடாதீங்க, மீட்டர் போயிடும். 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா பரவால்ல. அரை ஆம்பியர் ஒழுகினா ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் அவர், நாலு நாள்ல என்ன மிஞ்சும்? ஃபியூஸ ஒண்ணொண்ணா பிடுங்குங்க, எத பிடுங்கும்போது நம்பர் விழுதோ அந்த லைன் தான் திருடன். எனக்கு எந்த ஃபியூஸ பிடுங்கியும் விழல. அப்புறம் தான் பார்த்தேன், பாட்டுப் பொட்டிக்கு யாரோ முன்னாடி ஓனர் பேட்டரில இருந்து நேரா ஒயர் இழுத்து, ரெண்டு ஒயர முறுக்கி டேப் சுத்தி விட்டிருக்கார், பசை இளகி டேப் பாதி அவுந்து தொங்குது. அந்த ஒயர பிடுங்கிட்டு சாவிக்கு அப்புறம் வர்ற லைன்ல ஃபியூஸோட குடுத்தேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயி ஆறு நாள் கழிச்சு வந்து திருப்பினேன், முதல் சாவிக்கே எடுத்துச்சு.