ஷார்த்ர் பேராலயத்தை ஒரே நாளில் படிப்பது எப்படி?

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனால் ஷார்த்ர். அங்குள்ள மரியன்னை பேராலயத்தை வேகமாகச் சுற்றிவருபவர்கள் அழகான கண்ணாடிகளைப் பார்த்ததாகச் சொல்வார்கள். ஆனால் இந்தக் கட்டடம் தீயால் பகுதி பகுதியாக உருவானது. எந்தத் தீ எதை விட்டுவைத்தது என்று தெரிந்தால், ஒவ்வொரு கல்லுக்கும் நீங்களே வயது சொல்லலாம்.

மனத்தில் வைக்க வேண்டிய ஆண்டுகள் ஐந்து. 1020 தீக்குப் பின் ஆயர் ஃபுல்பெர் கட்டிய பெரிய நிலவறை இன்றும் தரைக்கடியில் இருக்கிறது. 1134இல் நகரில் பற்றிய தீக்குப் பின் மேற்கு முகப்பின் கோபுரங்களும் அரச வாயிலும் எழுந்தன. 1194 ஜூனில் முகப்பும் நிலவறையும் தவிர ஆலயம் பெரும்பாலும் எரிந்தது. இப்போது உள்ளே காண்பது அதன்பின் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குள் எழுந்த கோதிக் (கூர்வளைவுகளும் உயர்ந்த சாளரங்களும் கொண்ட இடைக்காலப் பாணி) கட்டடம். 1506இல் மின்னல் வடகோபுரத்தின் மரக்கூம்பை எரித்தது. 1836இல் கூரை மரங்கள் எரிந்தன. அந்த இடத்தில் வார்ப்பிரும்புச் சட்டமும் செப்புத் தகடும் வந்தன. பச்சை நிறக் கூரை அதுதான்.

எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலர் ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். நடுக்கூடத்தின் வளைகூரை சுமார் 37 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேல் சாளரங்களின் முகங்கள் வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. ஞாயிறு காலையிலும் திருப்பலி நேரங்களிலும் சுற்றிப் பார்ப்பதைத் தவிர்க்கவும்.

அடுத்து திசை. பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். ஆலயங்களின் பீடம் கிழக்கு நோக்கும் என்பது மரபு. ஷார்த்ரின் பீடமோ உண்மையில் வடகிழக்கைப் பார்க்கிறது. ஆகவே நூல்கள் ‘வடக்கு’ என்னும் பக்கம் வடமேற்கு, ‘தெற்கு’ தென்கிழக்கு, ‘மேற்கு’ முகப்பு தென்மேற்கு. நேரத்தை இதை வைத்துத் திட்டமிடுங்கள்: பீடத்தின் பின்புறச் சாளரங்களும் தெற்கு ரோஜா சாளரமும் (இதழ்கள்போல் பிரிந்த பெரிய வட்டச் சாளரம்) காலையில், முகப்புச் சிற்பங்கள் நண்பகலுக்குப் பின், வடக்கு ரோஜா சாளரம் கோடை மாலையில். மேகமூட்டமான நாள் கிடைத்தால் வருந்தாதீர்கள். கதைகளைப் படிக்க சீரான ஒளியே நல்லது. நேர்வெயிலில் சில துண்டுகள் கூசும், மற்றவை இருண்டு போகும்.

முதலில் உள்ளே நுழையாமல் மேற்கு முகப்பின் எதிரே நின்று பாருங்கள். வலப்புறம் சுமார் 105 மீட்டர் உயரத்தில் எளிய கூம்பு, 12ஆம் நூற்றாண்டு. இடப்புறம் சுமார் 113 மீட்டரில் சரிகை வேலை போன்ற கூம்பு; மின்னல் தீக்குப் பின் ஜான் த போஸ் 1507க்கும் 1513க்கும் இடையே கட்டியது. இரண்டும் பொருந்தவில்லை என்று பலர் குறை சொல்வதுண்டு. இரண்டுக்கும் நடுவே மூன்றரை நூற்றாண்டு கிடக்கிறது. வாயில்களும் அவற்றின் மேலுள்ள மூன்று நீள் சாளரங்களும் 1194க்கு முந்தியவை. அதற்கும் மேலே உள்ள வட்ட ரோஜா சாளரம் பிந்தியது. அந்தச் சாளரங்களுக்கும் வட்டத்துக்கும் இடையே கண்ணை ஓட்டினால் இரண்டு தலைமுறை தாண்டுகிறீர்கள்.

பிறகு பக்கவாட்டில் நடந்து முட்டு வளைவுகளைப் பாருங்கள். கூரையின் பக்கவாட்டுத் தள்ளுதலை அவை வெளியே உள்ள பெரிய தூண்களுக்குக் கடத்துகின்றன. கீழ் இரு வளைவுகளைச் சிறு தூண்கள் சக்கரத்தின் ஆரங்களாக இணைக்கும்.

இதன் விளைவை உள்ளே போனால் காணலாம். பாரத்தை வெளி வளைவுகள் ஏற்றதால், லாவோன் போன்ற சற்று முந்திய ஆலயங்களில் இருந்த மேல்மாடம் இங்கே தேவைப்படவில்லை. நான்கு அடுக்கு மூன்றாகக் குறைந்தது: கீழே தூண் வளைவுகள், நடுவில் குறுகிய நடைமாடம், மேலே ஏறத்தாழ கீழ்வளைவு அளவுக்கே உயர்ந்த சாளரங்கள். தூண்களை வரிசையாகப் பாருங்கள்: வட்டத் தண்டில் எண்கோண மெல்தூண்கள், அடுத்ததில் எண்கோணத் தண்டில் வட்ட மெல்தூண்கள் என மாறி மாறி வரும். மேல் சாளரங்களில் இரண்டு நீள் துளைகளுக்கு மேல் ஒரு வட்டம், எல்லாம் சுவர்க் கல்லில் வெட்டித் திறந்தவை. மெல்லிய கல் கம்பிகளால் பின்னும் முறை ரேம்ஸ் பேராலயத்தில்தான் தொடங்கியது. வேறு ஆலயங்களின் வயதைக் கணிக்கவும் இந்த வேறுபாடு உதவும்.

சுவர்கள் வெளிர்நிறமாக இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். 2009க்குப் பின் நூற்றாண்டுகளின் மெழுகுவர்த்திக் கரியை அகற்றி, அடியிலிருந்த பழைய பூச்சை மீட்டார்கள். இதை எதிர்த்தவர்களும் உண்டு. ஆனால் பழைய புகைப்படங்களில் தெரியும் இருட்டு 13ஆம் நூற்றாண்டின் திட்டமல்ல என்பதே எங்கள் எண்ணம்.

இனி கண்ணாடிகள். கதைச் சாளரங்களைப் பொதுவாகக் கீழிருந்து மேலாக, பெரும்பாலும் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் கதை தலைகீழாகிக் குழம்பும். நடுக்கூடத்தின் தெற்கு ஓரத்தில் நல்ல சமாரியன் சாளரத்தில் பயிலுங்கள். அடியில் செருப்புத் தைப்பவர்கள், அதன்மேல் வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய சமாரியனைப் பற்றி இயேசு சொன்ன உவமை, மேல்பாதியில் ஆதாம், ஏவாள். கீழே தொழிலாளர் படம் இருப்பதாலேயே செலவை அவர்கள் ஏற்றார்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வரலாற்றாளர்கள் இதில் ஒத்துப்போவதில்லை.

பிறகு பீடத்தைச் சுற்றும் நடையின் தெற்குத் தொடக்கத்துக்கு வாருங்கள். அங்கே ‘அழகிய சாளரத்தின் அன்னை’ என்னும் சாளரம் இருக்கிறது. நடுவில் சிவப்புப் பின்னணியில் அமர்ந்திருக்கும் மரியன்னை, நெருப்பில் தப்பிய 12ஆம் நூற்றாண்டுப் பலகைகள். சுற்றியுள்ள வானதூதர்கள் 13ஆம் நூற்றாண்டு. அன்னையின் ஆடையில் உள்ள வெளிர் நீலத்தைச் சுற்றுப்புறத்தின் அடர் நீலத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே சட்டத்துக்குள் இரு காலத்தின் கண்ணாடி.

நடுக்கூடத்தின் தரையில், வளைந்து வளைந்து மையத்துக்குக் கொண்டுபோகும் சுமார் 13 மீட்டர் விட்டமுள்ள சுற்றுப்பாதை உண்டு. பெரும்பாலான நாட்களில் நாற்காலிகள் அதை மறைக்கும். நடக்க விரும்பினால் தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலம்) முதல் நவம்பர் 1 வரையிலான வெள்ளிக்கிழமைகளில், முன்பே அறிவிப்பைச் சரிபார்த்துவிட்டு வரவும்.

இரண்டு மணி நேரம்தான் உண்டு என்றால் கோபுரம் ஏறுவதை விட்டுவிடுங்கள். முகப்புக்கு அரை மணி, நடுக்கூடத்துக்குக் கால் மணி, மேற்கின் மூன்று நீள் சாளரங்களுக்கும் அழகிய சாளரத்துக்கும் மீதி நேரம் முழுவதும். நிலவறைக்கு வழிகாட்டியுடன்தான் அனுமதி; வந்ததும் முதலில் அதன் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, மற்றதை அதற்கேற்ப வரிசைப்படுத்துங்கள்.